முயல் வருஷத்துத் தங்கை

"ஒரு முழம்னா ஒரு முழம்தான். ஒத்த இலந்தைப்பழம்கூட குறையக் கூடாது."

"அக்கா, விருந்து மேசையில அவ்வளவு உயரத்துக்கு அடுக்கினா நான் பின்னாடி உட்கார்ந்திருக்கறதே யாருக்கும் தெரியாது."

"தெரியாட்டி என்ன? உன் மூஞ்சியைத்தான் ஊரே தினமும் பார்க்குதே. இலந்தைக் கோபுரத்தை என்னைக்காவது பார்க்குதா?"

"இப்பல்லாம் அறுபதுக்கு யாரு விருந்து வைக்கறா? எழுபதுக்கு வைக்கறாங்க, அதுவும் ஓட்டல்ல. என் பொண்ணு ஹேஜின் என்னை ஜேஜு தீவுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறா. பேசாம அதுக்கே போயிடறேன்."

"போயேன், யார் வேணாம்னா? விருந்தை முடிச்சுட்டுப் போ. தன்னோட மணிவிழாவுக்குப் பயந்து ஓடற முதல் பொம்பளை நீதான்டி. ஏய், அந்தக் கயித்தை எடு."

பொங்ஹி கயிற்றை எடுத்து யொன்சிம்மிடம் கொடுத்தாள். கீஜாங் கடற்கரைச் சாலையில், மீன்பிடித் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்தக் கடற்பாசிக் கடை அவர்கள் இரண்டு பேருடையது. கடைப் பலகையிலேயே 'அக்கா தங்கை கடை' என்று எழுதியிருந்தது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அடுத்தடுத்த வீடுகளுக்கு மருமகள்களாக வந்தவர்கள். அது நடந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த புதிதில் ஊர் அவர்களை இன்னார் வீட்டு மருமகள் என்று அடையாளம் சொன்னது. இப்போது அந்த மாமியார்கள் பெயர்தான் ஊருக்கு மறந்துபோயிருந்தது.

கடை வாசலில் ஒரு இளைஞன் காத்துக்கொண்டிருந்தான். மனைவிக்கு இந்த வாரம் பிரசவம். யொன்சிம் ஆள் உயரத்துக்கு நீண்டிருந்த காய்ந்த கடற்பாசிக் கட்டை மடிக்காமல் அப்படியே கயிற்றால் கட்டினாள்.

"தம்பி, இதை மடிக்காம கொண்டு போ. காருக்குள்ள குறுக்க வெச்சுக்கோ. பிள்ளை பெத்தவளுக்குச் சூப் வைக்கற பாசியை வழியில ஒடிச்சா பிரசவம் சிக்கலாயிடும்."

"கார் சின்னதுங்க, அம்மா."

"அப்போ ஜன்னலைத் திறந்து வாலை வெளியில விடு. பார்க்கறவங்க வழிவிட்டுப் போவாங்க."

அவன் தூங்குகிற குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கைகளிலும் பாசிக் கட்டை ஏந்திக்கொண்டான்.

"ஆணோ பெண்ணோ, பாம்பு வருஷத்துப் பிள்ளை" என்றாள் யொன்சிம். "கவலையே படாதே. பாம்பு வருஷத்துல பிறந்ததுங்க சமர்த்து. இதோ நிக்கறாளே, இவ பாம்புதான். நான் டிராகன். இவளைவிட ஒரு வயசு பெரியவ. இந்த முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் என்னை எதிர்த்துப் பேசினதில்ல."

அவன் பொங்ஹியைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தான். பொங்ஹியும் குனிந்தாள். கொஞ்சம் அதிகமாகவே குனிந்தாள். ஏனென்றால் அவள் பாம்பு இல்லை. முயல்.

முயல், அதற்கு அடுத்து டிராகன், அதற்கு அடுத்து பாம்பு. பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் வருஷங்கள் அந்த வரிசையில்தான் சுற்றி வரும். அப்படியென்றால் பொங்ஹி யொன்சிம்மைவிட ஒரு வயது மூத்தவள். இந்த உண்மை தெரிந்தவர்களில் பொங்ஹியின் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தவர் அவளுடைய கணவர். அவரோ கடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் ஒரே அளவுதான் பேசுவார். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் விருந்துக்கு மலைநாட்டிலிருந்து அவள் தம்பி மான்சொக் வருகிறான். மான்சொக்தான் உண்மையான பாம்பு.

*

பொங்ஹி பிறந்த ஊரில் கடல் கிடையாது. மலையும் கோஸ் வயலும் பனியும்தான். பதிவு அலுவலகம் இரண்டு மலை தாண்டி இருந்தது. பிறந்த குழந்தை நிலைக்குமா என்று பார்த்துவிட்டுப் போய்ப் பதிவு செய்கிற காலம் அது. பொங்ஹி நிலைத்தாள். அப்பாவுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மான்சொக் பிறந்தபோது, ஆண் பிள்ளை என்பதால் கால் தானாகக் கிளம்பியது. போனவர் இரண்டு பேரையும் ஒன்றாகவே எழுதிவிட்டு வந்தார். பெண் மூன்றாம் மாதம், பையன் அதே பாம்பு வருஷத்தின் பன்னிரண்டாம் மாதம். எழுதிக்கொண்டவரும் விரல் விட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் பொங்ஹியின் அம்மாவுக்கு இடையில் மூச்சுவிடக்கூட நேரம் இருந்திருக்காது.

மான்சொக்குக்குப் பிறகும் நான்கு பேர் பிறந்தார்கள். எல்லாரும் பொங்ஹியின் முதுகில்தான் வளர்ந்தார்கள். முதுகில் ஒரு பிள்ளையைத் துணியால் கட்டிக்கொண்டு அடுப்பு ஊதுவாள், துணி துவைப்பாள், கோஸ் வயலில் களை எடுப்பாள். ஒன்றை இறக்கிவிட்டால் அடுத்தது தயாராக இருக்கும். "நீ பெரியவ இல்லையா?" என்பது அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே தாலாட்டு. கடைசிப் பழம் தம்பிக்கு. புதுச் சட்டை தங்கைக்கு. பெரியவள் விட்டுக்கொடுப்பாள்.

கல்யாணமாகி கீஜாங்குக்கு வந்த மறுநாள், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு சந்தில் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மருமகள் வழிமறித்தாள். எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வியைத்தான் அவளும் கேட்டாள்.

"நீங்க எந்த வருஷம்?"

அதற்குப் பதில் தெரியாமல் இரண்டு பெண்கள் பேச ஆரம்பிக்க முடியாது. யார் யாருக்கு வணக்கம் சொல்வது, யார் முதலில் கரண்டியை எடுப்பது என்று எதுவும் தெரியாது. பொங்ஹி வாயைத் திறந்தாள். முயல் என்றுதான் சொல்ல வந்தாள். எதிரில் நின்றவளின் முகத்தில் ஒரு ஏக்கம் இருந்தது. ஏலத்தில் கடைசி மீன் கூடைக்காகக் காத்து நிற்பவர்களின் முகத்தில் வருமே, அப்படி.

"பாம்பு" என்றாள் பொங்ஹி. அடையாள அட்டையில் அப்படித்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

யொன்சிம்மின் முகம் விளக்கேற்றியதுபோல ஆனது. "நான் டிராகன்! அப்போ நான் உனக்கு அக்கா!" உடனே குடத்தைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "விடு, விடு. சின்னவ நீ. இவ்வளவு பெரிய குடத்தையா தூக்குவே?"

சின்னவ நீ. பொங்ஹி அந்த வார்த்தையின் பின்னாலேயே வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்து போனாள். அப்படி நடந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் தங்கையாகவே வாழ்ந்தாள். பொங்ஹிக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் மாமியாரிடம் போய்ச் சண்டை போட்டது யொன்சிம்தான். ஹேஜின் பிறந்தபோது மூன்று வாரம் மூன்று வேளையும் கடற்பாசி சூப் வைத்துக் கொண்டுவந்தது யொன்சிம்தான். புத்தாண்டுக் காலையில் அரிசி வில்லை சூப் குடித்தால்தான் ஒரு வயது ஏறும் என்பதால், "நீ ரெண்டு கிண்ணம் குடிச்சாலும் என்னைப் பிடிக்க முடியாதுடி" என்று ஒவ்வொரு வருஷமும் சிரிப்பாள். பொங்ஹியும் சிரிப்பாள்.

முயல் வருஷம் திரும்பி வந்தபோது பொங்ஹிக்கு உண்மையில் அறுபது முடிந்தது. அந்தப் பிறந்தநாள் காலையிலும் யொன்சிம் வழக்கம்போல கடற்பாசி சூப் கொண்டுவந்தாள். புத்தாண்டை விட்டுப் பிறந்தநாளை வைத்து எண்ணச் சொல்லி அரசாங்கம் வயதுக் கணக்கையே மாற்றி எல்லாருக்கும் ஒன்றோ இரண்டோ குறைத்த வருஷம் அது. ஊரில் யாருக்கும் தன் வயது சரியாகத் தெரியவில்லை. "அவங்க எப்படி வேணா எண்ணிக்கட்டும்" என்றாள் யொன்சிம். "நான் உனக்கு அக்கா. அதை யாரும் குறைக்க முடியாது." அடுத்த வருஷம், டிராகன் வருஷத்தில், யொன்சிம்மின் மணிவிழா வந்தது. பொங்ஹி தங்கை இடத்தில் நின்று, நெற்றி கையில் படும்படி மண்டியிட்டு வணங்கி, கிண்ணத்தில் அரிசி மதுவை ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது பாம்பு வருஷம். மணிவிழாவைத் தானே முன்னின்று நடத்துவேன் என்று யொன்சிம் ஒற்றைக்காலில் நின்றாள். "நான் இருக்கும்போது என் தங்கச்சிக்கு ஓட்டல் விருந்தா?"

இளைஞன் காரின் ஜன்னல் வழியாக ஒரு முழக் கடற்பாசி காற்றில் ஆட, மெதுவாகக் கிளம்பிப் போன பிறகு, பொங்ஹி கடையின் பின்பக்கம் போய் மான்சொக்குக்கு போன் செய்தாள்.

"டேய், விருந்துல யாராவது நீ எந்த வருஷம்னு கேட்டா சொல்லாதே."

"ஏன்க்கா?"

"சொல்லாதேன்னா சொல்லாதே. நீ பாம்புன்னு தெரிஞ்சா நான் பாம்பு இல்லைன்னு தெரிஞ்சுடும்."

"நீ பாம்பு இல்லையேக்கா."

"அதைத்தான்டா சொல்றேன்."

மலையில் காற்று அடிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "அப்போ நான் என்ன சொல்றது? பாம்புக்கு அடுத்த குதிரையா? என் மணிவிழாவை நான் ஒரு வருஷம் தள்ளிப் போடணுமா?"

"ஒண்ணும் சொல்லாதே. சாப்பிடு, குடி, பாட்டுப் பாடு. வாயைச் சாப்பிட மட்டும் திற."

"பாடறதுக்கும் திறக்கணுமே."

"மான்சொக்!"

"சரிக்கா, சரி. உன் முதுகு மேல சத்தியம்."

*

விருந்து நாளன்று ஊர்ப் பொதுக்கூடம் அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. நீண்ட மேசையின் மீது இலந்தை, வால்நட், பைன் கொட்டை, பல நிற அரிசிப் பலகாரங்கள், ஆப்பிள், பேரிக்காய், எல்லாம் கோபுரம் கோபுரமாக நின்றன. யொன்சிம் இரண்டு நாள் தூங்கவில்லை. ஒவ்வொரு இலந்தைப்பழமாகத் தேன் பாகு தொட்டு ஒட்டியிருந்தாள். கோபுரத்தின் நடுவில் 'வாழ்க' என்கிற எழுத்து, வெள்ளைப் பைன் கொட்டையில், கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது.

கோபுரங்களுக்குப் பின்னால் பொங்ஹி இளஞ்சிவப்பு ஹன்போக் விழா உடையில் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் கணவர். இடது பக்கம் யொன்சிம். பொங்ஹிக்குத் தாய் இல்லாததால், அக்கா அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று யொன்சிம்மே முடிவு செய்திருந்தாள். யாரும் மறுக்கவில்லை.

முதலில் ஹேஜினும் மாப்பிள்ளையும் வணங்கினார்கள். பிறகு தம்பி தங்கைகள். மான்சொக் மண்டியிட்டு எழுந்தபோது கண்கலங்கியிருந்தான். "இந்த முதுகுலதான் நான் வளர்ந்தேன்" என்று கூடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சத்தியம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான்.

"தம்பி எந்த வருஷம்?" என்று யொன்சிம் ஆசையாகக் கேட்டாள்.

"நான்... பொம்பளைங்க வயசைக் கேட்டாலும் கேட்கலாம், ஆம்பளைங்க வயசைக் கேட்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு மான்சொக் ஒரு பெரிய பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டான். கூடமே சிரித்தது. பொங்ஹிக்கு மூச்சு வந்தது.

ஆனால் மான்சொக் ஒன்றை மறந்திருந்தான். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அவள் மரியாதை தெரிந்தவள். வணங்கி முடித்ததும் யொன்சிம்மின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணிக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்க. இந்தக் குளிர்காலத்துல எங்க வீட்டுக்காரருக்கும் மணிவிழா. பனி கொட்டும், ஆனா நீங்க கட்டாயம் வரணும்."

"வராம இருப்பேனா?" என்றாள் யொன்சிம். "குளிர்காலத்துலன்னா, எப்போ?"

"பன்னிரண்டாம் மாசம். இந்தப் பாம்பு வருஷம் முடியறதுக்குள்ள."

"அப்போ தம்பியும் பாம்பா!" யொன்சிம் சந்தோஷமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் புருவம் மெதுவாகச் சுருங்கியது. "பொங்ஹி, நீ மூணாம் மாசம் பாம்பு. தம்பி பன்னிரண்டாம் மாசம் பாம்பு."

"ஒன்பது மாசம் இருக்குதே!" என்று மான்சொக் பலகாரத்தோடு கத்தினான். "சரியா ஒன்பது மாசம்!"

"என்னங்க உளர்றீங்க?" என்றாள் அவன் மனைவி. "அண்ணி உங்களுக்கு ரெண்டு வயசு மூத்தவங்க. அவங்க முயல் இல்ல?"

கூடத்தில் பாட்டு மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு ஏதோ வாசித்துக்கொண்டிருந்தது. யொன்சிம்மின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தது. பாம்பு. டிராகன். முயல். அங்கே நின்றுவிட்டது. அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல அவள் அதையே பார்த்தாள்.

"நீ முயலா?"

"ஆமாக்கா."

"நான் டிராகன்."

"ஆமாக்கா."

"முயலுக்கு அப்புறம்தானே டிராகன் வருது?"

இந்தத் தடவை பொங்ஹியால் 'ஆமாக்கா' என்று சொல்ல முடியவில்லை.

"ஐயோ!" என்றாள் ஹேஜின். "அப்போ பெரியம்மாவை நான் இனிமே சித்தின்னு கூப்பிடணுமா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. எல்லாருக்கும் முன்னால் சிரித்தது யொன்சிம்தான். சிரித்துக்கொண்டே எழுந்தாள். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு கோபுரங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு மெதுவாக, முழங்கால் வலிக்கிற பெண்கள் குனிவதுபோலக் கையை ஊன்றிக் குனிந்து, நெற்றி கையில் படும்படி பொங்ஹியை வணங்கினாள்.

"தெரியாம உங்க பக்கத்துல உட்கார்ந்துட்டேன். மன்னிக்கணும், அக்கா."

கைதட்டல் எழுந்தது. யாரோ போட்டோ எடுத்தார்கள். இப்படி ஒரு மணிவிழாவை இந்தக் கடற்கரையில் யாரும் பார்த்ததில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யொன்சிம் பாட்டுப் பாடினாள், மான்சொக்கோடு ஆடினாள், பலகாரங்களைப் பொட்டலம் கட்டி எல்லாருக்கும் கொடுத்தனுப்பினாள். எல்லாரும் வயிறு நிறைந்து, முகம் சிவந்து வீட்டுக்குப் போனார்கள். நல்ல நாள்தான். பொங்ஹியே அதை நல்ல நாள் என்றுதான் சொல்வாள். 'நீ' போய் அந்த இடத்தில் வந்த ஒரு வார்த்தை மட்டும் அவளைத் தூங்கவிடவில்லை. நீங்க.

*

மறுநாள் கடைக்குப் போனபோது, கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் யொன்சிம் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஒரு மெத்தை போட்டிருந்தது.

"வாங்க. இங்க உட்காருங்க. சாப்பிட்டீங்களா?"

"அக்கா, எதுக்கு இதெல்லாம்?"

"நீங்கதானே மூத்தவங்க. கட்டெல்லாம் நான் தூக்கிக்கறேன். நீங்க கஷ்டப்படாதீங்க."

கோபமாக இருந்தால்கூடப் பொங்ஹிக்குச் சமாளிக்கத் தெரியும். யொன்சிம் கோபமாக இல்லை. குரல் அன்பாகவே இருந்தது. புதுச் சம்பந்தி வீட்டுக்காரர்களிடம் பேசுகிற அன்பு. மதியம் சாப்பிடும்போது பொங்ஹி கரண்டியை எடுக்கும்வரை காத்திருந்தாள். வறுத்த மீனில் முள் எடுத்து நல்ல துண்டை அவள் கிண்ணத்தில் வைத்தாள். அதுவும் எப்போதும் செய்வதுதான். ஆனால் எப்போதும் அதோடு "தின்னு தொலை" என்று ஒன்று சேர்ந்து வரும். அது வரவில்லை.

வாடிக்கையாளர் ஒருவர் கடைப் பலகையைக் காட்டிக் கேட்டார். "இதுல அக்கா யாரு, தங்கை யாரு?"

"அவங்க அக்கா. நான் தங்கை" என்றாள் யொன்சிம், இரண்டு கைகளாலும் பொங்ஹியைக் காட்டி.

வீட்டில் பொங்ஹி கணவரிடம் ஆத்திரத்தைக் கொட்டினாள். "இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தார். "அவங்களுக்குத் தெரியாதுன்னே எனக்குத் தெரியாதே."

"எல்லாருக்கும் தெரியும்னா நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

"நீ அக்கான்னு கூப்பிட்டே. அவங்க அக்கா மாதிரி இருந்தாங்க. அதுல என்ன கேட்கறது?"

வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். பொங்ஹிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதற்கு அடுத்த நாள் வெயில் நன்றாக அடித்தது. காற்றும் இருந்தது. பாசி உலர்த்துவதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. கடலோர உலர்த்தும் தளத்தில் இரண்டு பேரும் ஈரக் கடற்பாசியைச் சட்டங்களின் மீது விரித்துக்கொண்டிருந்தார்கள். கரும்பச்சை இலைகள் வெயிலில் மினுங்கின. தூரத்தில் நெத்திலிப் படகுக்காரர்கள் வரிசையாக நின்று, பாட்டுச் சொல்லி வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு உதறலுக்கும் வெள்ளிக்காசு இறைத்ததுபோல மீன்கள் மேலே எழுந்து விழுந்தன. கடற்பறவைகளுக்கு அன்றைக்குத் திருவிழா.

"நீங்க அந்த நிழல்ல உட்காருங்க" என்றாள் யொன்சிம்.

"உட்கார மாட்டேன்."

"வெயில் ஏறுது."

"ஏறட்டும். அக்கா, நான் தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். அட்டையில தப்பா இருந்ததாலன்னு சொல்லலாம். அது காரணமில்ல."

யொன்சிம் கை வேலையை நிறுத்தவில்லை. "ஏன் சொன்னீங்க?"

"எனக்குத் தங்கச்சியா இருக்கணும்போல இருந்தது. நான் ஒரு நாள்கூட சின்னவளா இருந்ததில்ல. பிறந்ததுல இருந்தே பெரியவ. அன்னைக்கு உங்க முகத்தைப் பார்த்தேன். நான் பாம்புன்னு சொன்னா இவங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்னு தோணுச்சு. யோசிக்கறதுக்குள்ள வாய் சொல்லிடுச்சு."

யொன்சிம் அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தாள். ஒரு பாசியின் சுருக்கத்தை விரலால் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல ஏழு பேர். நான் கடைசி" என்றாள். "எங்க வீட்டு நாய்கூட எனக்கு மூத்தது. எல்லாரும் என்னை ஏய் ஏய்னுதான் கூப்பிட்டாங்க. நீ வந்து அக்கான்னு... நீங்க வந்து அக்கான்னு கூப்பிட்டதும், அன்னைக்கு ராத்திரி அதையே மனசுக்குள்ள திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். தூக்கமே வரல."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? ஒரு வயசு மூத்தவங்களை முப்பத்தஞ்சு வருஷம் வாடி போடின்னு கூப்பிட்டிருக்கேன். ஒருதடவை பாசியை மழையில விட்டுட்டீங்கன்னு முதுகுல அடிச்சிருக்கேன். போன வருஷம் என் கால்ல விழ வெச்சேன். முயல் வருஷத்துல உங்க நிஜமான மணிவிழா வந்துது. அன்னைக்கு நான் என்ன பண்ணேன்? ஒரு கிண்ணம் சூப்பைக் கொடுத்துட்டு, கடையைக் கழுவ வெச்சேன்."

"கடையைக் கழுவி முடிச்சதும் துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க. நெத்திலிக் குழம்பு வாங்கிக் கொடுத்தீங்க. என் கிண்ணத்துல இருந்த பச்சை மிளகாயெல்லாம் எடுத்து நீங்க தின்னீங்க, எனக்கு வயிறு ஆகாதுன்னு. நான் மனசுக்குள்ள இதுதான் என் மணிவிழான்னு நினைச்சுக்கிட்டேன். அதைவிடப் பெரிசா எனக்கு யார் என்ன செஞ்சுடப் போறாங்க?"

யொன்சிம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. காற்று அவள் முக்காட்டுத் துணியின் நுனியைப் படபடவென்று அடித்தது.

"ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றாள் யொன்சிம். "எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க. எனக்கே வாய் கூசுது. முயலைப் போய் டிராகன் எப்படி..."

"ஊருக்கு முன்னாடி நீங்க எனக்கு மரியாதை கொடுத்தாச்சு. நெத்தி கையில பட வணங்கியாச்சு. போட்டோகூட எடுத்தாச்சு. அது போதும். இங்க யாரும் இல்ல அக்கா. பறவைங்கதான் இருக்குது."

பொங்ஹி கையிலிருந்த ஈரப் பாசியைச் சட்டத்தின் மீது வைத்துவிட்டு, கைகளை உடையில் துடைத்துக்கொண்டு, யொன்சிம்மின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. அறுபதென்றும் சொல்லலாம். அந்த நேரத்தில் இரண்டுமே அவள் முகத்தில் இல்லை.

"நான் எத்தனை வயசுன்னாலும் இருந்துட்டுப் போறேன். அந்தப் பழைய குரல்ல, ஒரே ஒரு தடவை, என்னை 'அடியே'ன்னு கூப்பிடுங்க அக்கா."